பெருநிறை விண்மீன்களைக் குறுக்கீட்டு முறையில் அளப்பது எப்படி: துணையைத் தேடுவதிலிருந்து நிறையைக் கணக்கிடுவது வரை

மிகச் சூடான, பெருநிறையுள்ள ஓ வகை விண்மீன் ஒன்றின் ஆரம் சூரிய ஆரத்தைப்போல் 10 மடங்கு, அதன் தொலைவு 1,000 பார்செக் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு) என்று வைத்துக்கொள்வோம். வானில் அதன் விட்டம் 0.09 மில்லி வில்நொடிதான் (பாகையில் 3,600இல் ஒரு பங்கு வில்நொடி, அதில் ஆயிரத்தில் ஒன்று மில்லி வில்நொடி). 8.2 மீட்டர் ஆடியுள்ள தொலைநோக்கியால் 1.65 மைக்ரான் அலைநீளத்தில் சுமார் 50 மில்லி வில்நொடிக்குக் கீழே எதையும் பிரித்துக் காட்ட முடியாது. 130 மீட்டர் இடைவெளியில் நிற்கும் இரண்டு தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்றுசேர்த்தால், அதாவது குறுக்கீட்டு முறையில் பார்த்தால், அந்த எல்லை 1.3 மில்லி வில்நொடிக்கு இறங்கும். 331 மீட்டர் இடைவெளியில் 0.5. அப்போதும் விண்மீனின் வட்டு கைக்கு எட்டுவதில்லை.

இதை மனத்தில் வாங்கிக்கொண்டுதான் திட்டம் போட வேண்டும். பெருநிறை விண்மீன்களில் இந்த முறை அதிகப் பலன் தருவது விட்டத்தை அளப்பதில் அல்ல, துணை விண்மீனைக் கண்டுபிடிப்பதில். தென்வானின் ஓ வகை விண்மீன்களை, நான்கு தொலைநோக்கிகளின் ஒளியைச் சேர்க்கும் பயோனியர் கருவியும் பிற கருவிகளும் கொண்டு ஆராய்ந்து 2014இல் வெளியான கணக்கெடுப்பில், பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு 200 மில்லி வில்நொடிக்குள் துணை இருந்தது. நிறமாலை வழியே தெரிந்த நெருக்கமான துணைகளையும் சேர்த்தால் பத்தில் ஒன்பது விண்மீன்கள் தனியாக இல்லை. துணை கிடைத்தால் சுற்றுப்பாதை கிடைக்கும், சுற்றுப்பாதை கிடைத்தால் நிறை கிடைக்கும். விண்மீனின் வாழ்க்கை முழுவதையும் தீர்மானிக்கும் அந்த ஒற்றை எண்ணை இவ்வளவு நேரடியாகத் தரும் வழிகள் மிகச் சில.

விட்டத்தை அளக்கவே முடியாது என்று சொல்லவில்லை. அருகிலுள்ள சீட்டா ஒஃபியூச்சி, சீட்டா பப்பிஸ் போன்றவை அரை மில்லி வில்நொடி அளவில் இருப்பவை. ஆஸ்திரேலியாவின் நராப்ரியில், 188 மீட்டர் வரை விலக்கி வைக்கத்தக்க இரு பிரதிபலிப்பான்களைக் கொண்டு, 1974இல் வெளியான பட்டியலிலேயே 32 விண்மீன்களின் விட்டங்கள் வந்துவிட்டன. அதில் இந்த இரண்டும் உண்டு. ஆனால் அந்தக் கைவிரல் எண்ணிக்கையைத் தாண்டி விட்டம்தான் வேண்டும் என்றால், நீண்ட இடைவெளியும் குறுகிய அலைநீளமும் சேர்ந்தே தேவை. 0.1 மில்லி வில்நொடி வட்டை 130 மீட்டரில் 1.65 மைக்ரானில் பார்த்தால், குறுக்கீட்டுப் பட்டைகளின் அழுத்தத்தைச் சொல்லும் விசிபிலிட்டியின் வர்க்கம் 0.996 (புள்ளிக்கு அது 1). அளவீட்டுப் பிழையே 0.02 முதல் 0.05 வரை இருக்கும்போது இது வெறும் புள்ளிக்குச் சமம். அதே வட்டை 331 மீட்டரில் 0.7 மைக்ரானில் பார்த்தால் 0.88. அதை அளக்கலாம்.

எதை அளக்கிறோம்

இரண்டு தொலைநோக்கிகளின் ஒளி ஒரே பாதை நீளத்தைக் கடந்து வந்து சேர்ந்தால் குறுக்கீட்டுப் பட்டைகள் தோன்றும். பட்டைகள் எவ்வளவு அழுத்தமாக இருக்கின்றன என்பதுதான் விசிபிலிட்டி. புள்ளி போன்ற விண்மீனுக்கு 1, முழுதாகப் பிரிந்து தெரியும் பொருளுக்கு 0. வளிமண்டலம் பட்டைகளை ஓயாமல் அசைப்பதால் பட்டைகளின் நிலையைக் கோணமாகச் சொல்லும் கட்டத்துக்குத் தனியாகப் பொருள் இராது. மூன்று தொலைநோக்கிகள் அமைக்கும் முக்கோணத்தைச் சுற்றி மூன்று கட்டங்களையும் கூட்டினால் வளிமண்டலப் பிழை தானாகவே கழிந்துவிடும். மிஞ்சுவதை மூடுகட்டம் என்போம். பொருள் சமச்சீராக இருந்தால் அது 0 அல்லது 180 பாகை. ஒரு பக்கம் துணை இருந்தால் அதிலிருந்து விலகும்.

சிலி நாட்டின் பாராணலில் உள்ள ஐரோப்பிய தென்வான் ஆய்வகத்தின் விஎல்டிஐ ஒரே சமயத்தில் நான்கு தொலைநோக்கிகளை இணைக்கிறது. ஆக 6 இடைவெளிகள், 4 முக்கோணங்கள். அமெரிக்காவின் மவுண்ட் வில்சனில் உள்ள சாரா அமைப்பில் 1 மீட்டர் தொலைநோக்கிகள் ஆறு. 15 இடைவெளிகள், 20 முக்கோணங்கள். நீளம் 34 முதல் 331 மீட்டர் வரை.

துணை ஒன்று தரவில் எப்படித் தெரியும் என்பதை எண்ணாகவே நினைவில் வையுங்கள். துணையின் ஒளி முதன்மை விண்மீனின் ஒளியில் பத்தில் ஒரு பங்கு என்றால் விசிபிலிட்டியின் வர்க்கம் 1க்கும் 0.67க்கும் இடையே ஏறி இறங்கும். கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். நூறில் ஒரு பங்கு, அதாவது 5 பொலிவெண் வேறுபாடு என்றால், 1க்கும் 0.96க்கும் இடையேதான் அசையும். அது பிழைக்குள் மறைந்துவிடும். ஆனால் மூடுகட்டம் அதிகபட்சம் 1.5 பாகை வரை நகரும். நல்ல இரவில் மூடுகட்டத்தை அரைப் பாகைக்கும் நுணுக்கமாக அளக்க முடியும். மங்கலான துணையைப் பிடிப்பது எப்போதும் மூடுகட்டம்தான்.

கருவியும் அமைப்பும்

துணை தேடுவதுதான் நோக்கம் என்றால் எச் அலைவரிசையில் (1.65 மைக்ரானை ஒட்டியது) இயங்கும் விஎல்டிஐயின் பயோனியர் அல்லது சாராவின் மிர்க்-எக்ஸ். விண்மீனிலிருந்து வீசும் காற்றோட்டம், அதைச் சுற்றியுள்ள வாயு வட்டு, ஹைட்ரஜனின் பிராக்கெட் காமா நிறமாலைக் கோடு ஆகியவற்றை ஆராய வேண்டும் என்றால் கே அலைவரிசையில் (2.2 மைக்ரானை ஒட்டியது) இயங்கும் கிராவிட்டி. அதன் உயர்ந்த நிறமாலைப் பிரிதிறன் சுமார் 4,000. பிறந்துகொண்டிருக்கும் பெருநிறை விண்மீனைச் சுற்றியுள்ள சூடான தூசிக்கு 3 முதல் 13 மைக்ரான் வரை பார்க்கும் மட்டீஸ்.

நேரம் கேட்டு விண்ணப்பிக்கும் முன் ஆவணக் காப்பகத்தைத் தேடுங்கள். ஐரோப்பிய தென்வான் ஆய்வகத்தின் தரவுகள் பெரும்பாலும் ஓராண்டுக்குப் பிறகு எல்லோருக்கும் திறந்துவிடப்படும். பிரான்சின் ஜேஎம்எம்சி மையத்தின் ஓஐடிபி தளத்தில் அளவுத்திருத்தம் முடிந்த கோப்புகளே கிடைக்கின்றன. இந்த முறையைக் கற்பவர்கள் பழைய தரவில் ஒரு தெரிந்த இரட்டையை மீண்டும் கண்டுபிடித்துப் பார்த்துவிட்டுப் புதியதற்குப் போவது நல்லது.

ஜேஎம்எம்சியின் ஆஸ்ப்ரோ 2 இலவச மென்பொருள். விண்மீனின் பெயர், தேதி, தொலைநோக்கி அமைப்பு ஆகியவற்றைக் கொடுத்தால் எந்த நேரத்தில் பார்க்கலாம், ஒளியின் பாதைகளைச் சமமாக்கும் தாமதத் தடங்களின் நீளம் போதுமா, எந்த இடைவெளிகள் கிடைக்கும் என்று காட்டும். அதில் ஒரு இரட்டை மாதிரியை வைத்துப் போலித் தரவு உருவாக்கி, நீங்கள் தேடும் துணை உண்மையில் தெரியுமா என்று சோதித்துவிடுங்கள்.

தேடும் எல்லைக்கு உள்விளிம்பும் வெளிவிளிம்பும் உண்டு. உள்விளிம்பு அலைநீளத்தை இடைவெளியின் இருமடங்கால் வகுத்தால் வருவது. அதற்கும் நெருக்கமாகத் துணை இருந்தால் பிரிவுத் தூரமும் ஒளி விகிதமும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். மங்கலான தூரத் துணையும் பிரகாசமான நெருங்கிய துணையும் ஒரே வளைவைத் தரும். வெளிவிளிம்பைத் தீர்மானிப்பது நிறமாலைப் பிரிதிறன். எச் அலைவரிசையை 0.05 மைக்ரான் அகலக் கூறுகளாகப் பிரித்தால், 130 மீட்டரில், பட்டைகள் கலையாமல் இருக்கும் ஓரியல் எல்லை சுமார் 85 மில்லி வில்நொடி. அதில் பாதி தூரத்திலேயே துணையின் பட்டைகள் மங்கத் தொடங்கிவிடும். மாதிரியில் இந்த மங்கலைக் கணக்கில் சேர்க்காவிட்டால் துணையின் ஒளியைக் குறைத்து மதிப்பிடுவீர்கள்.

இன்னொன்றைப் பலர் மறக்கிறார்கள். பெருநிறை விண்மீன்கள் தூசி நிறைந்த பகுதிகளில் வாழ்பவை. எச் அலைவரிசையில் பளிச்சென்று இருக்கும் விண்மீன் கண்ணுறு ஒளியில் மிக மங்கலாக இருக்கலாம். தொலைநோக்கியின் வழிகாட்டியும், காற்றின் கலக்கத்தைத் திருத்தும் தகவமை ஒளியியலும் பெரும்பாலும் கண்ணுறு ஒளியைத்தான் நம்பியிருக்கின்றன. இரண்டு அலைவரிசைகளின் பொலிவெண்களையும் கருவியின் வரம்போடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே விண்ணப்பத்தில் பெயரைச் சேருங்கள்.

ஒப்பீட்டு விண்மீன்

இந்த வேலையில் பெரும்பாலான தவறுகள் பிறக்கும் இடம் இது. கருவியும் காற்றும் சேர்ந்து விசிபிலிட்டியைக் குறைக்கின்றன. எவ்வளவு குறைத்தன என்று அறிய, விட்டம் தெரிந்த ஒரு விண்மீனை முன்னும் பின்னும் பார்க்க வேண்டும். வரிசை இதுதான்: ஒப்பீடு, இலக்கு, ஒப்பீடு, இலக்கு, ஒப்பீடு. இலக்கை மட்டும் மணிக்கணக்கில் பார்த்துவிட்டுக் கடைசியில் ஒரே ஒரு ஒப்பீட்டை எடுத்தால் அந்த இரவு வீண். வளிமண்டலத்தின் ஓரியல் நேரம், அதாவது அது மாறாமல் இருக்கும் நேரம், கண்ணுறு ஒளியில் சில மில்லி நொடிகள்தான். அது இரவுக்குள் இரண்டு மடங்கு மாறினால் கருவியின் பதிலும் மாறும்.

சர்ச்கேல் மென்பொருளில் இலக்கின் பெயரைக் கொடுத்தால் ஒப்பீட்டு விண்மீன்களின் பட்டியல் வரும். அதிலிருந்து பொறுக்கும்போது:

- இலக்கிலிருந்து சில பாகைகளுக்குள் இருக்க வேண்டும். உயரமும் காற்றுத் தடிமனும் ஒன்றாக இருக்கத்தான் இது.
- பார்க்கும் அலைவரிசையில் பொலிவெண் இலக்குக்கு ஒன்று கூடுதல் குறைவுக்குள் இருக்க வேண்டும். கண்ணுறு ஒளியிலும் அதிகம் விலகக் கூடாது, இல்லாவிட்டால் தகவமை ஒளியியல் வேறு தரத்தில் திருத்தும்.
- விட்டம் முடிந்தவரை சிறியதாக இருக்க வேண்டும்.
- ஒன்று போதாது. குறைந்தது இரண்டு வெவ்வேறு விண்மீன்கள்.

சிறிய விட்டம் ஏன் முக்கியம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 0.5 மில்லி வில்நொடி ஒப்பீட்டின் விட்டத்தில் 10 சதவீதப் பிழை இருந்தால், 130 மீட்டரில் விசிபிலிட்டி வர்க்கத்தில் 0.02 தவறும். 331 மீட்டரில் 0.07 தவறும். அதுவே 0.2 மில்லி வில்நொடி விண்மீன் என்றால் 130 மீட்டரில் வெறும் 0.003. ஓ வகை இலக்குகளின் விசிபிலிட்டி 1ஐ ஒட்டியே இருப்பதால், அந்த 0.02 நேராக இல்லாத ஒரு துணையாகவோ பொய்யான வட்டாகவோ மாறிவிடும்.

இரண்டு ஒப்பீடுகள் ஏன்? ஒப்பீட்டு விண்மீனே இரட்டையாக இருக்கலாம். பட்டியலில் தப்பி வந்தவை நிறைய உண்டு. ஒன்றை மற்றொன்றால் அளவுத்திருத்தம் செய்து பாருங்கள். விசிபிலிட்டி 1ஐ ஒட்டி, மூடுகட்டம் 0வில் நிற்க வேண்டும். மூடுகட்டம் விலகினால் இரண்டில் எது குற்றவாளி என்று மூன்றாவதைக் கொண்டு முடிவு செய்து அதை நீக்குங்கள். இந்தச் சோதனை செய்யாமல் அறிவிக்கப்படும் துணை உண்மையில் ஒப்பீட்டு விண்மீனுடையதாக இருக்க வாய்ப்புண்டு.

தரவு ஒழுங்கு

பயோனியருக்கு பிஎன்டிஆர்எஸ், கிராவிட்டிக்கு ஆய்வகத்தின் சொந்தத் தொடர் மென்பொருள் என்று ஒவ்வொரு கருவிக்கும் தனி வழி உண்டு. கடைசியில் எல்லாமே ஓஐஃபிட்ஸ் வடிவக் கோப்பாக வந்து நிற்கும். அதில் விசிபிலிட்டி வர்க்கம், மூடுகட்டம், ஒவ்வொன்றின் பிழை, அலைநீளம், இடைவெளியின் திசையும் நீளமும் இருக்கும்.

பொருத்தத் தொடங்கும் முன் படம் வரைந்து பாருங்கள். கிடையில் இடைவெளி நீளம் வகுத்தல் அலைநீளம், செங்குத்தில் விசிபிலிட்டி வர்க்கம். மிகக் குறுகிய இடைவெளியிலேயே மதிப்பு 1க்குக் கீழே நின்று எல்லா இடைவெளிகளிலும் ஒரே அளவு குறைந்திருந்தால், அது துணை அல்ல. சுற்றிலும் பரவிய நெபுலா ஒளி அல்லது வெகுதூரத்து விண்மீனின் ஒளி புகுந்திருக்கிறது. மாதிரியில் முழுதாகப் பிரிந்த பின்னணி ஒளி என்று ஓர் அளவுருவைச் சேர்த்தால் சரியாகும். அலை அலையாக ஏறி இறங்கினால்தான் துணை.

ஒரே இடைவெளியின் பல நிறக்கூறுகள் தனித்தனி அளவீடுகள் அல்ல. அவை சேர்ந்தே பிழைபடும். தொடர் மென்பொருள் தரும் பிழைகளை அப்படியே நம்பினால் முடிவின் பிழை நம்ப முடியாத அளவுக்குச் சிறியதாக வரும். அளவீடுகளைத் தொகுதி தொகுதியாக எடுத்து மீள்மாதிரி செய்யும் பூட்ஸ்ட்ராப் முறைதான் நேர்மையான பிழையைத் தரும்.

துணையைத் தேடுதல்

கேண்டிட், பிமாய்ர்ட் ஆகிய இரண்டும் பைத்தானில் எழுதப்பட்ட இலவச மென்பொருள்கள். எதைப் பயன்படுத்தினாலும் நடைமுறை ஒன்றே.

முதலில் முதன்மை விண்மீனின் விட்டத்தை, நிறமாலை வகையும் தொலைவும் கொண்டு கணித்த மதிப்பில் நிலையாக வையுங்கள். 0.1 மில்லி வில்நொடி வட்டை 130 மீட்டர் தரவில் கட்டற்று விட்டால் அது இரைச்சலை விழுங்கி வேறு ஏதோவாக மாறும். பிறகு வானத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்திலிருந்தும் ஒரு பொருத்தத்தைத் தொடங்குங்கள். சதுரத்தின் பக்கம் பிரிதிறனை விடச் சிறியதாக இருக்க வேண்டும். 130 மீட்டர் எச் அலைவரிசைத் தரவுக்கு 1 மில்லி வில்நொடி சரி. பெரிய சதுரமாகப் பிரித்தால் உண்மையான பள்ளத்தை, அதாவது பொருத்தம் சிறந்திருக்கும் இடத்தை, தாண்டிக் குதித்து, பக்கத்துப் போலிப் பள்ளத்தில் விழுவீர்கள்.

மாதிரி தரவிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று காட்டும் கை-வர்க்க வரைபடத்தில் ஏறக்குறைய ஒரே ஆழத்தில் பல பள்ளங்கள் வரும். இடைவெளிகள் கொஞ்சமாக இருந்தால் இது தவிர்க்க முடியாதது. ஆழமானதை எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். அடுத்த நல்ல தீர்வையும் குறித்து வைத்து, வேறொரு அமைப்பில் இன்னொரு இரவு பார்த்தால் எது நிலைக்கிறது என்று தெரியும். விசிபிலிட்டியை மட்டும், மூடுகட்டத்தை மட்டும் என்று தனித்தனியே பொருத்தி இரண்டும் ஒரே இடத்தைச் சுட்டுகின்றனவா என்று பாருங்கள். விசிபிலிட்டி மட்டும் இருந்தால் துணை இந்தப் பக்கமா, எதிர்ப்பக்கமா என்றே தெரியாது. 180 பாகைக் குழப்பத்தை மூடுகட்டம்தான் தீர்க்கும். கருவிக்குக் கருவி குறியீட்டு மரபு வேறுபடுவதால், நிலை தெரிந்த ஓர் இரட்டையைக் கொண்டு உங்கள் மென்பொருளின் திசையை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். திசைக்கோணம் முதன்மையிலிருந்து துணைக்கு, வடக்கிலிருந்து கிழக்காக.

எதுவும் கிடைக்காவிட்டால் அதுவும் முடிவுதான். தரவில் போலித் துணையை வெவ்வேறு தூரங்களில் செலுத்தி, எவ்வளவு மங்கலானதுவரை பிடிபட்டிருக்கும் என்று வரம்பைக் கணக்கிட்டு எழுதுங்கள். எச்ஆர் 6819 என்ற விண்மீன் தொகுதி இதற்கு நல்ல பாடம். 2020இல் அங்கே ஒரு கருந்துளையும் வெளிச்சுற்றில் ஒரு விண்மீனும் இருப்பதாகச் சொல்லப்பட்டது. 2022இல் கிராவிட்டியும் மியூஸ் என்ற நிறமாலைப் படக்கருவியும் சேர்ந்து பார்த்தபோது வெளிச்சுற்றில் பிரகாசமான விண்மீன் எதுவும் இல்லை. சுமார் 1 மில்லி வில்நொடி பிரிவில், 40 நாள் சுற்றில், இரண்டு விண்மீன்கள் இருந்தன. கருந்துளைக்குத் தேவையே இல்லாமல் போனது. அங்கே இல்லாததைக் காட்டியதும் இருப்பதைக் காட்டியதும் சமமாக முக்கியம்.

கோடுகளைப் பற்றி ஒரு சொல். காற்றோட்டமோ வட்டோ உள்ள விண்மீனில், பிராக்கெட் காமா கோட்டுக்குள் உள்ள கட்டம், கோட்டுக்கு வெளியேயுள்ள தொடர்ச்சி ஒளியோடு ஒப்பிட்டால் எவ்வளவு நகர்கிறது என்று பார்க்கலாம். 130 மீட்டரில் 1 பாகை நகர்வு என்பது ஒளிமையம் வெறும் 10 மைக்ரோ வில்நொடி விலகியதற்குச் சமம். பிரிதிறனை விட நூறு மடங்கு நுணுக்கம் இங்கே கிடைக்கிறது. சுமார் ஐந்தரை ஆண்டுச் சுற்றுள்ள ஈட்டா கரினே இரட்டையின் காற்றோட்டத்தை வேக வாரியாகப் படமாக்கியது இந்தக் கோட்டு அளவீடுகள்தான். தொடர்ச்சியின் பங்கைக் கழிக்காமல் கோட்டின் நகர்வை விளக்கப் போனால் விலகல் குறைவாகவே தெரியும்.

சுற்றுப்பாதையும் நிறையும்

ஒவ்வொரு இரவும் இரண்டு எண்கள் தரும்: கிழக்கு விலகல், வடக்கு விலகல். சுற்றுப்பாதைக்கு ஏழு அளவுருக்கள். நிறமாலையிலிருந்து சுற்றுக்காலம், இரண்டும் மிக நெருங்கும் அண்மைப் புள்ளியைக் கடக்கும் நேரம், பாதை எவ்வளவு நீள்வட்டம் என்று சொல்லும் மையத்தொலைத்தகவு, அண்மைப் புள்ளியின் கோணம் ஆகிய நான்கும் ஏற்கெனவே தெரிந்திருந்தால் மிச்சம் மூன்றே. கோட்பாட்டளவில் இரண்டு இரவுகள் போதும். நடைமுறையில் ஐந்தாறு இரவுகள் வேண்டும், அதுவும் பாதையின் வெவ்வேறு பகுதிகளில். நீள்வட்டம் அதிகமுள்ள பாதையில் துணை பெரும்பாலான காலத்தைத் தொலைவிலேயே கழிக்கும். வாய்ப்புக் கிடைத்த தேதிகளில் பார்த்தால் புள்ளிகள் எல்லாம் ஒரே மூலையில் குவியும். அண்மைப் புள்ளியின் தேதியை முன்கூட்டியே கணித்து, அந்த வாரங்களுக்கென்று நேரம் கேளுங்கள்.

இரண்டும் ஏறக்குறைய ஒரே பிரகாசம் என்றால் எது முதன்மை என்பது இரவுக்கு இரவு இடம் மாறலாம். பாதையில் ஒட்டாத புள்ளி ஒன்று எதிர்ப்பக்கத்தில் சரியாகப் பொருந்தினால், பெயர் மாறியிருக்கிறது என்று பொருள்.

நிறைக்கு கெப்ளர் விதி. காமா-2 வெலோரம் என்ற இரட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். வலுவான காற்றோட்டத்தால் வெளியடுக்கை இழந்த வோல்ஃப்-ராயே விண்மீனும் ஓ வகையும் 78.53 நாளில் சுற்றுகின்றன. பாதையின் அரை நீளச்சு 3.57 மில்லி வில்நொடி, தொலைவு 336 பார்செக். பெருக்கினால் 1.2 வானியல் அலகு, அதன் கனம் 1.73. சுற்றுக்காலம் 0.215 ஆண்டு, அதன் வர்க்கம் 0.0462. வகுத்தால் மொத்தம் சுமார் 37 சூரிய நிறை. 2007இல் வெளியான பிரிப்பு: ஓ வகைக்கு 28.5, வோல்ஃப்-ராயேக்கு 9.0.

இதில் எந்தப் பிழை எப்படிப் பெருகும் என்று பாருங்கள். தொலைவில் 5 சதவீதம் தவறினால் நிறையில் 15 சதவீதம். கருவியின் அலைநீள அளவுகோலில் 1 சதவீதம் தவறினால் கோணங்கள் எல்லாம் ஒரே விகிதத்தில் நீண்டு, நிறையில் 3 சதவீதம். பொருத்தத்தின் எச்சத்தில் இது தெரியவே தெரியாது. அலைநீள அளவுத்திருத்தத்தின் பிழையைத் தனியே சேர்க்க வேண்டும்.

இரண்டு விண்மீன்களின் ஆரத்திசைவேகமும் (நம்மை நோக்கியோ விலகியோ நகரும் வேகம்) கிடைத்தால் தொலைவே வேண்டாம். குறுக்கீட்டளவீடு சாய்வு கோணத்தைத் தரும், வேகங்கள் நிறையைத் தரும், தொலைவு கூடுதல் வரவாக வரும். ஆனால் சாய்வு 30 பாகை என்றால் அதில் 1 பாகைப் பிழை நிறையை 9 சதவீதம் மாற்றிவிடும். 70 பாகையில் 2 சதவீதம்தான். பாதை நமக்கு நேர்முகமாகத் திரும்பியிருக்கும் இரட்டைகள் படத்தில் அழகாக இருந்தாலும், நல்ல நிறைக்கு விளிம்பு காட்டிச் சாய்ந்திருப்பவற்றையே முதலில் தேர்ந்தெடுங்கள்.